எண்பத்தெட்டாம் பக்கம்

"பதினோரு நாள் ஆயிட்டு டீச்சர். இன்னும் கேமராகிட்டயே விடலையே."

இந்த ஒரு குறையைச் சொல்வதற்குள் பிரமநாயகம் மூன்று தடவை தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது. பேசிப் பழகிய ஆள் இல்லை அவர்.

ஜெசிந்தா டீச்சர் இழுப்பறையைத் திறந்து, மூடி போட்ட பெரிய எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

பிரமநாயகம் திறந்து பார்த்தார். சுட்ட அப்பளம். ஒன்றின்மேல் ஒன்றாக இருபது.

"மேல இருக்கிறதை எடுத்து, திருப்பி, இந்தத் தட்டுல வைங்க அண்ணாச்சி. அடுத்தது அதுக்கு மேல. இருபதும் போகணும். ஒண்ணும் ஒடையக் கூடாது."

விரலகலத்தில் வழவழப்பான தாள் பட்டை ஒன்றையும் கையில் கொடுத்துவிட்டு, டீச்சர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்றைக்கு உடைந்தது பதினாலு.

*

பழைய பதிவேடுகளைப் படச்சுருளில் ஏற்றக் கற்றுக்கொடுக்கும் இடம் அது. முன்னே நெல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்த கட்டடம். சுவர் இரண்டு முழ கனம் என்பதால் வெயில் உள்ளே எட்டிப் பார்க்காது.

கூடத்தின் நடுவில் ஒரு கேமரா தலைகீழாகத் தொங்கும். அதற்குக் கீழே மேசை. மேசையின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு விளக்கு. தாளை விரித்து, அதன்மேல் கண்ணாடியை இறக்கி, கீழே இருக்கும் மிதியைக் காலால் அழுத்தினால் ஒரு படம். பெரிய பதிவேட்டின் பக்கம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிச் சுருளில் ஏறிவிடும். முறையாகக் கழுவி, ஈரம் அண்டாமல் வைத்தால் ஐந்நூறு வருஷம் இருக்கும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது.

பயிற்சிக்கு வந்தவர்கள் ஆறு பேர். ஐந்து பேர் நூலகப் படிப்புப் படித்தவர்கள். ஆறாவது ஆள் பிரமநாயகம். வயது ஐம்பத்தேழு. படிப்பு எட்டாம் வகுப்பு. கீழாத்தூர் தாலுகா ஆபீஸ் பதிவறையில் கட்டு எடுத்துக் கொடுக்கும் வேலை, இருபத்தொன்பது வருஷமாக.

ஜெசிந்தா டீச்சர் அவருடைய மூத்த மகளைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் டீச்சர் உள்ளே வந்தால் அவர் எழுந்து நிற்பார். உட்காருங்கள் என்று முதல் நான்கு நாள் சொல்லிப் பார்த்தார் டீச்சர். ஐந்தாம் நாள் விட்டுவிட்டார்.

பிரமநாயகம் வந்ததற்குக் காரணம் நாற்பத்து மூன்று தொகுதிகள்.

கீழாத்தூரின் ஜனன மரணப் பதிவேடுகள் அவை. வெள்ளத்தில் ஒரு தடவை நனைந்து, தானாகக் காய்ந்தவை. விரல் பட்டால் பொடி உதிரும். வாரிசுச் சான்று, பிறந்த தேதி என்று யார் வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாலும் பிரமநாயகம்தான் தேடி எடுத்துக் கொடுப்பார். போன ஆடியில் மேலிடத்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். இனி இவை தாங்காது என்று கழிவுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

ஒரே ஒரு வழி மட்டும் விட்டிருந்தார்கள். ஆபீசிலிருந்து யாராவது ஒருவர் போய்ப் பயிற்சி முடித்து, ஜெசிந்தா டீச்சரின் கையெழுத்தோடு வந்தால், கேமரா மூன்று மாதத்துக்குக் கீழாத்தூர் வரும். வராவிட்டால் பங்குனி கடைசியில் நாற்பத்து மூன்றும் தீக்குப் போகும்.

யாரும் முன்வரவில்லை. பிரமநாயகம் தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்தார். எட்டாவது படித்தவர் அங்கே போய் என்ன செய்வார் என்று ஆபீசில் பேசிக்கொண்டது அவர் காதிலும் விழுந்தது. இருபத்தொன்பது வருஷத்தில் அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே காரியம் அதுதான்.

டீச்சரின் கையெழுத்தும் லேசில் கிடைப்பதில்லை. அதுவரை வந்து போனவர்கள் முப்பத்தொரு பேர். கையெழுத்து வாங்கிப் போனவர்கள் பன்னிரண்டு.

*

இரண்டாம் நாள் பதினொன்று உடைந்தது. மூன்றாம் நாளும் பதினொன்று.

மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்கும் டப்பா வந்தது என்றாலும் இளம் விரல்கள் சீக்கிரம் பழகி, ஒவ்வொருவராகக் கேமராவுக்குப் போய்விட்டார்கள். அதில் ஆவுடைச்செல்வன் என்று ஒருவர், கல்லூரி நூலகத்திலிருந்து வந்தவர், வாய் சும்மா இருக்காது.

"அண்ணாச்சி, ரசமும் கொண்டு வரச் சொல்லட்டுமா?"

பிரமநாயகம் சிரித்துக்கொண்டார். உடைந்தவற்றை எண்ணி, குறித்துக்கொண்டு, இன்னொரு டப்பாவில் போட்டு மூடினார். மத்தியானம் ஆறு பேரும் அதைத்தான் சோற்றோடு தின்றார்கள்.

நான்காம் நாள் எட்டு. ஐந்தாம் நாள் ஐந்து.

அன்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. பட்டையை அப்பளத்துக்கு அடியில் எவ்வளவு மெதுவாக நுழைத்தாலும், சில நேரம் பிளந்துவிடுகிறது. ஒடிவதற்கு முன்னால் ஏதாவது சத்தம் வருமா, கேட்டால் நிறுத்திவிடலாமே என்று டீச்சரிடம் போய்க் கேட்டார்.

"ஒடைஞ்ச பெறகுதான் சத்தம் வரும்," என்றார் டீச்சர்.

பிரமநாயகம் திரும்பி வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அதன்பிறகு சத்தத்துக்காகக் காது கொடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பட்டையை நுழைத்தார். அப்பளம் எங்கே கனக்கிறது, எங்கே தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று விரல்தான் பார்த்தது.

ஆறாம் நாள் இரண்டு. ஏழாம் நாள் ஒன்றுமில்லை. எட்டாம் நாளும் ஒன்றுமில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் டப்பா வரவில்லை. கேமராவின் உறை அவருக்காகக் கழற்றியிருந்தது.

*

சோதனை இதுதான். ஒவ்வொருவரும் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு தொகுதியை முழுதாகப் படம் எடுக்க வேண்டும். சுருள் குறையில்லாமல் இருந்தால் கையெழுத்து. சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணி கடைசி.

பிரமநாயகம் கொண்டுவந்திருந்தது பதினேழாம் தொகுதி. அதில் விரித்து வைத்தால் தெரியும் இடமும் வலமும் சேர்த்து ஒரே எண். அப்படி இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். எடுப்பதற்கு முன்னால், தாளைத் திருப்பாமல் விளிம்பை மட்டும் நகர்த்தி, இரண்டு தடவை எண்ணினார். இரண்டு தடவையும் இருநூற்றுப் பன்னிரண்டு.

ஒரு பக்கத்துக்கு ஒரு மிதி. கேமராவின் பக்கவாட்டில் ஒரு சிறிய எண்மானி. மிதிக்கும்போதெல்லாம் ஒரு எண் ஏறும். அவர் வாய்க்குள்ளும் ஒரு எண் ஏறும். இரண்டு நாள் எடுத்தார். புதன்கிழமை சாயங்காலம் எண்மானியும் வாயும் ஒரே எண்ணில் வந்து நின்றன.

தொகுதியை நாடாவால் கட்டி வைத்தார். ஒரு தாள்கூட ஒடியவில்லை. அன்றைக்குத் தங்கும் அறைக்குப் போகும் வழியில் மனசு லேசாக இருந்தது.

வியாழக்கிழமை காலை சுருள் கழுவிக் காய்ந்து வந்தது. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, விளக்கு மேசைமேல் ஓட்டி ஒவ்வொரு கட்டமாக எண்ணினார். இருநூற்றுப் பன்னிரண்டு.

டீச்சரிடம் கொண்டுபோய் வைத்தார்.

டீச்சர் சுருளைத் தொடவில்லை. எண்ணிக்கை எவ்வளவு என்று கேட்டார். சொன்னார். தொகுதியில் எவ்வளவு என்று கேட்டார். அதையும் சொன்னார்.

"எண்ணிக்கை சரி," என்றார் டீச்சர். பிறகு சுருளை எடுத்துப் படிக்கும் கருவியில் மாட்டி, நாற்காலியை இழுத்துப் போட்டு, அவரை அதில் உட்கார வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

சரியென்று சொன்ன பிறகு எதற்கு உட்கார வைத்தார் என்று பிரமநாயகத்துக்குப் புரியவில்லை. ஆனாலும் உட்கார வைத்தவர் டீச்சர். கைப்பிடியைச் சுற்றினார். திரையில் பக்கங்கள் பெரிதாக நகர்ந்தன. இந்தத் தடவை கட்டத்தை எண்ணாமல், பக்கத்தின் தலையில் இருந்த எண்ணை வாசித்துக்கொண்டே போனார்.

எண்பத்தாறு. எண்பத்தேழு. எண்பத்தொன்பது.

கை நின்றுவிட்டது.

பின்னால் சுற்றினார். முன்னால் சுற்றினார். எண்பத்தெட்டு இல்லை. இரண்டு தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒரே தாளாகத் திரும்பியிருக்கிறது.

அப்படியானால் மொத்தம் இருநூற்றுப் பதினொன்றுதானே வர வேண்டும். அவருக்கு அதுதான் விளங்கவில்லை. மேலே ஓட்டினார். நூற்று முப்பத்தொன்று வந்தது. அடுத்ததும் நூற்று முப்பத்தொன்று.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு ஆவுடைச்செல்வன் டீக்குக் கூப்பிட்டது ஞாபகம் வந்தது. திரும்பி வந்தபோது, மிதித்தோமா இல்லையா என்று ஒரு கணம் தடுமாறி, இன்னொரு மிதி மிதித்திருக்கிறார். அதையும் வாய்க்குள் ஒரு எண்ணாக எண்ணியிருக்கிறார். ஒரு பிழை போட்டுக்கொடுத்ததை இன்னொரு பிழை எடுத்துக்கொண்டது. கணக்கு சமமாக நின்றது.

கூடத்தில் யாரும் இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். பிரமநாயகம் எழுந்து நின்றார்.

"சரியா இருக்கா அண்ணாச்சி?"

"இல்ல டீச்சர்."

*

சரியில்லாததை மறுபடி எடுக்க வேண்டும். மறுபடி எடுக்க வேண்டும் என்றால் தொகுதியை மறுபடி திறக்க வேண்டும்.

அந்தத் தாள்கள் ஒவ்வொரு தடவை திரும்புவதையும் பெரிய மனசு பண்ணித்தான் தாங்கியிருந்தன. டீச்சர் வெள்ளிக்கிழமை காலை கேமரா அவருக்கு என்று மட்டும் பலகையில் எழுதிவைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குப் பிரமநாயகம் நாடாவை அவிழ்த்தார். எண்பத்தேழு வரைக்கும் தாள்களை மொத்தமாகப் பட்டைமேல் தாங்கித் திருப்பினார். ஒட்டிக்கிடந்த இரண்டு தாளும் தெரிந்தன. மேல் மூலையில் துருப்பிடித்த குண்டூசி ஒன்று, இரண்டையும் கடித்துக்கொண்டு இருந்தது.

ஊசியைச் சாமணம் என்ற சின்ன இடுக்கியால் கழற்ற இருபது நிமிஷம் ஆனது. பிறகு பட்டையை உள்ளே விட்டார். மேலேயிருந்து பாதி வரை சுலபமாகப் போயிற்று. முக்கால் வரை போயிற்று.

பிறகு சத்தம் வந்தது.

சின்னச் சத்தம். அப்பளத்தைவிட மெல்லியது. வலது பக்கத் தாளின் கீழ்மூலை, உள்ளங்கை அகலத்துக்கு, நொறுங்கி மேசைமேல் கிடந்தது.

அடுத்த மேசையில் இருந்த ஆவுடைச்செல்வன் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பிரமநாயகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு துண்டுகளை எண்ணினார். நாற்பத்தொன்று. எண்ண முடியாத பொடி கொஞ்சம்.

அந்த மூலையின் பின்பக்கம் எண்பத்தொன்பதாம் பக்கத்துக்கு உரியது. அது ஏற்கனவே படத்தில் பத்திரமாக இருக்கிறது. முன்பக்கம்தான் எங்கும் இல்லை.

கண்ணாடித் தகடு ஒன்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். சாமணத்தால் ஒரு துண்டை எடுப்பார். மை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். பொருத்துவார். பொருந்தாவிட்டால் எடுத்த இடத்திலேயே வைப்பார். பத்து மணிக்கு ஒன்பது துண்டு பொருந்தியிருந்தது. மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. இரண்டு மணிக்கு இருபத்தாறு. யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். ஆறிப்போயிற்று. நாலே காலுக்கு முப்பத்தெட்டு.

மீதி மூன்று எங்கேயும் சேரவில்லை. இரண்டில் எழுத்தே இல்லை. ஒன்றில் பாதிச் சுழி மட்டும் இருந்தது.

பக்கத்துக்கு இருபது வரி. பதினெட்டாம் வரியும் இருபதாம் வரியும் வாசிக்கும்படி வந்துவிட்டன. பத்தொன்பதாம் வரியில் தேதி இருந்தது. தகப்பன் பெயர் இருந்தது. பெண் குழந்தை, ஏழு மாதம், காய்ச்சல் என்று இருந்தது. குழந்தையின் பெயர் இருந்த இடத்தில் கடைசி எழுத்து மட்டும் நின்றது. மீதி பொடியில் போய்விட்டது.

பிரமநாயகம் அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அவர் நாடாவை அவிழ்க்கும்போது அந்தப் பெயர் இருந்தது.

*

படம் எடுக்கும்போது பக்கத்தில் ஏதாவது குறை இருந்தால், அந்தப் பக்கத்துக்கு முன்னால் ஒரு அட்டையை வைத்துப் படம் எடுக்க வேண்டும். பின்னால் வாசிக்கிறவருக்குச் சொல்லிவைப்பதற்காக. அச்சடித்த அட்டைகள் ஒரு பெட்டியில் இருந்தன. 'பக்கம் இல்லை.' 'எண் தவறு.' 'மூலம் சிதைந்துள்ளது.'

ஆவுடைச்செல்வன் பெட்டியில் கைவிட்டு மூன்றாவதை எடுத்து வந்து கண்ணாடித் தகட்டின் பக்கத்தில் வைத்தார்.

"இதை வச்சி எடுங்க அண்ணாச்சி. வேற ஒண்ணும் யோசிக்காதீங்க."

பிரமநாயகம் அட்டையைப் பார்த்தார்.

ஆவுடைச்செல்வன் குரலைத் தணித்துக்கொண்டார். கேலியெல்லாம் போய்விட்டிருந்தது. எடுக்கிறவன் கையால் தாள் ஒடிந்தது என்று தெரிந்தால் டீச்சர் கையெழுத்துப் போட மாட்டார், திரும்பிப் போன பத்தொன்பது பேரும் இப்படித்தான் போயிருப்பார்கள் என்றார். தொகுதி நாற்பத்து மூன்றும் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கச் சொன்னார்.

"அட்டையில பொய் ஒண்ணும் இல்லையே. சிதைஞ்சுதானே இருக்கு."

பொய் இல்லைதான். அது பிரமநாயகத்துக்கும் தெரிந்தது.

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பக்கத்துக்கு இருபது வரி. தொகுதிக்கு இருநூற்றுச் சில்லறை பக்கம். எல்லாத் தொகுதியும் ஒரே கனம் இல்லை; என்றாலும் நாற்பத்து மூன்றுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் பெயருக்குக் குறையாது. இந்தப் பக்கம் ஒரு குழந்தை. அதுவும் போய்விட்ட பெயர். எப்படிக் கூட்டினாலும் கழித்தாலும் அச்சடித்த அட்டைதான் சரி என்று வந்தது.

வியாழக்கிழமையும் எண்ணிக்கை சரியாகத்தான் வந்தது.

எழுந்து டீச்சரிடம் போனார். சொல்ல வந்ததைச் சொல்வதற்கு இந்தத் தடவை செருமவில்லை. பக்கம் ஒடிந்ததை, எத்தனை துண்டு, எத்தனை பொருந்தியது என்பதை வரிசையாகச் சொன்னார். கடைசியில் கேட்டார்.

"எந்த அட்டை டீச்சர்?"

டீச்சர் எழுந்து அவருடைய மேசைக்கு வந்தார். கண்ணாடித் தகட்டைக் குனிந்து பார்த்தார். ஆவுடைச்செல்வன் வைத்த அச்சு அட்டையை எடுத்து நேராக வைத்தார். அலமாரியிலிருந்து எழுதாத வெள்ளை அட்டை ஒன்றை எடுத்துவந்து அதன் பக்கத்தில் வைத்தார். தடித்த முனைக் கறுப்புப் பேனா ஒன்றையும் வைத்தார்.

பிறகு சுருள் கழுவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

இரண்டு அட்டையும் ஒரே அளவு. பிரமநாயகம் இரண்டையும் பார்த்தபடி நின்றார். சாமணம் பிடித்துப் பிடித்து விரல் மரத்திருந்தது.

பொருந்தாத மூன்று துண்டையும் ஒரு காகித உறையில் போட்டு, மேலே எண்பத்தெட்டு என்று எழுதினார். தொகுதியின் பின்அட்டைக்குள் வைத்தார். பிறகு வெள்ளை அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஆவுடைச்செல்வன் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏன் அண்ணாச்சி?"

"அச்சடிச்சதுல இந்த உறை வராதே தம்பி," என்றார் பிரமநாயகம்.

முதல் அட்டையில் மை பரவிவிட்டது. இரண்டாவதில் ஒரு வரி விட்டுப்போயிற்று. மூன்றாவதில் முழுதாக எழுதினார். அவர் எழுதியது இவ்வளவுதான்.

*பக்கம் 88. முதல் தடவை இதை விட்டுவிட்டேன். மறுபடி திறந்தபோது வலது கீழ்மூலை என் கையால் நொறுங்கியது. துண்டு 41. பொருந்தியது 38. பொருந்தாதது 3, தொகுதியோடு உள்ள உறையில் இருக்கிறது. 19ஆம் வரியில் ஒரு குழந்தையின் பெயர் போய்விட்டது. பக்கம் 131 இரண்டு தடவை இருக்கிறது. சு. பிரமநாயகம், கீழாத்தூர்.*

அட்டையை மேசைமேல் வைத்தார். கண்ணாடியை இறக்கினார். மிதித்தார்.

அட்டையை எடுத்துவிட்டு எண்பத்தெட்டாம் பக்கத்தை வைத்தார். மிதித்தார்.

எண்மானியைப் பார்க்கவில்லை.

*

சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு ஆறு சுருளும் டீச்சரின் மேசைமேல் இருந்தன. ஆறு பேரும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

டீச்சர் ஒவ்வொன்றாகப் படிக்கும் கருவியில் மாட்டி ஓட்டினார். முதல் சுருள் குறையில்லை. பக்கம் எல்லாம் வரிசையாக, துலக்கமாக ஓடியது. இரண்டாவதும் அப்படியே. ஆவுடைச்செல்வனுடையது மூன்றாவது. நேர்த்தியான வேலை; ஒரு பக்கம்கூடக் கோணவில்லை. நான்காவது, ஐந்தாவது. எங்கேயாவது கறுப்புக் கறுப்பாகப் பூச்சி அரித்த பக்கம் வந்தால் அதற்கு முன்னால் 'மூலம் சிதைந்துள்ளது' என்று அச்சு அட்டை வந்தது. முறைப்படிதான் இருந்தது எல்லாம்.

டீச்சர் ஐந்து சுருளையும் கழற்றி, அவரவர் சான்றுத் தாளின்மேல் வைத்தார்.

ஆறாவது சுருள் எண்பத்தேழு தாண்டியதும், புதிதாக எடுத்த இரண்டு படத்தையும் வெட்டி ஒட்டிச் சேர்த்த இடத்தில் ஒரு குலுக்குக் குலுக்கியது. திரை முழுக்கப் பிரமநாயகத்தின் கையெழுத்து வந்து நின்றது. எட்டாம் வகுப்புக் கையெழுத்து. எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது.

எல்லோரும் வாசித்தார்கள். பிரமநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் இரண்டு தடவை வாசித்தார். பிறகு உறையைக் கேட்டார். பிரமநாயகம் தொகுதியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். டீச்சர் அதை ஒரு வெள்ளைத் தாள்மேல் மெதுவாகச் சாய்த்தார். மூன்று துண்டு விழுந்தது. சாமணத்தால் மூன்றையும் மறுபடி உறைக்குள் எடுத்து வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கீழாத்தூர்ல எத்தனை தொகுதி அண்ணாச்சி?"

"நாற்பத்து மூணு டீச்சர்." கொஞ்சம் நிறுத்தினார். "இது போக நாற்பத்திரண்டு."

"கேமராவுக்கு ஆடாத மேசை இருக்கா?"

ரெவின்யூ இன்ஸ்பெக்டரின் பழைய தேக்கு மேசை இருக்கிறது, நாலு காலும் ஒரே உயரம், அளந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்றார்.

டீச்சர் அவருடைய தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

அடுத்த தாள் ஆவுடைச்செல்வனுடையது. டீச்சர் அதைப் பார்த்தார். அதற்கு அடியில் இருந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு பேனாவின் மூடியைப் போட்டுக்கொண்டார்.

"ஆறு தொகுதி," என்றார். "ஆறும் வெள்ளமோ கரையானோ பார்த்தது. ஆறையும் கேமராவுக்கு வரும் முன்னாலேயே தாள் தாளாப் பார்த்து, எது எங்க ஒடைஞ்சிருந்ததுன்னு நான் குறிச்சு வச்சிருக்கேன். மொத்தம் ஆயிரத்து இருநூத்தி எழுபத்து நாலு பக்கம்."

அலமாரியிலிருந்து வெள்ளை அட்டைக் கட்டு முழுவதையும் எடுத்து வந்து மேசை நடுவில் வைத்தார். கை கழுவ வெளியே குழாயடிக்குப் போனார்.

பன்னிரண்டுக்குப் பதினெட்டு நிமிஷம் இருந்தது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

நாற்காலி ஒன்று பின்னால் தள்ளப்பட்டது. ஆவுடைச்செல்வன் எழுந்து போய்க் கட்டைப் பிரித்தார். ஒரு அட்டையை எடுத்தார். யோசித்து, இன்னொன்றும் எடுத்தார். பிறகு பிரமநாயகத்தின் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, அந்தக் கறுப்புப் பேனாவைக் கொஞ்சம் தாங்க."